மருந்து என்று நான் சொன்ன காய்

உருளைக்கிழங்குச் செடியில் காய் காய்க்கும் என்று சொன்னால் எங்கள் சனம் சிரிக்கும். கிழங்கு மண்ணுக்குள்ளே இருக்கிறபோது மேலே எதற்கு இன்னொரு காய் என்பார்கள். காய்க்கும். பூ பூத்து மகரந்தம் சேர்ந்தால், பச்சைப்பசேலென்று தக்காளிப் பிஞ்சு போல உருண்டையாகக் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். அதை யாரும் தின்பதில்லை. தின்னவும் கூடாது, விஷம். ஆனால் அதற்குள் இருக்கிற, எள்ளைவிடச் சின்ன விதையை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. புது உருளை ரகங்களை உண்டாக்குகிற வேலை எனக்கு. அந்தக் காயைப் பற்றி என் அக்காவிடம் ஒரே ஒரு பொய் சொன்னேன். இப்போதும் சாப்பிட உட்காரும்போது அது ஞாபகம் வந்தால் தட்டைத் தள்ளிவைத்துவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சி நிலையம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வீடு பாப்பாரப்பட்டியில். அக்காவைக் கட்டிக்கொடுத்தது வத்தல்மலையில். மலைமேல் குளிரும் சாரலும் இருப்பதால் உருளைக்குப் பூ நன்றாகப் பிடிக்கும். கூடவே இலைக்கருகல் நோயும் பிடிக்கும். அந்த நோய் வந்துவிட்டால், நேற்றுவரை பச்சையாக நின்ற செடி வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகித் தொங்கிவிடும். எனக்குப் பூவும் வேண்டும், நோயும் வேண்டும். நிலையத்தில் அனுமதி வாங்கி, அக்கா நிலத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடத்தை வேலி போட்டு அடைத்து என் செடிகளை வைத்தேன். வாராவாரம் சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவேன்.

அந்தச் செடிகளில் ஒன்று காட்டு உருளை. சரியாகச் சொன்னால் காட்டுக் கலப்பு. மெக்சிகோ மலைகளில், சாகுபடி உருளையும் காட்டு உருளையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்கிற இடத்தில், மனுசர் கை படாமல் தானாகவே கலந்து பிறந்தது. அதன் லத்தீன் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். கலப்பு என்பதற்கு அதுதான் அடையாளம். பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. கோலிக்குண்டு அளவில் கிழங்கு, அதுவும் கசப்பு. கிழங்காவது செடிக்கு அடியில் இருக்குமா என்றால் இருக்காது. மண்ணுக்குள் தண்டை நீளமாக ஓடவிட்டு, எங்கேயோ போய்ப் பிடித்துவைத்திருக்கும். மகரந்தத்தில் பெரும்பாதி சொத்தை. சாதாரண உருளைக்கு குரோமோசோம் நான்கு தொகுதி, இதற்கு ஐந்து. ஒற்றைப்படையாக இருப்பதால் சோடி சேராமல் தடுமாறும். ஆனால் கருகல் நோய் மட்டும் அதைத் தொடாது. சுற்றியிருக்கிற செடியெல்லாம் கருகிக் கிடக்கும்போது, இது பாட்டுக்குச் சாரலில் நனைந்துகொண்டு கொழுகொழுவென்று நிற்கும். அந்த ஒரு குணத்துக்காக இதன் அத்தனை இம்சைகளையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் குணத்தை நம் உருளைக்குள் கொண்டுவர வேண்டும், கசப்பைக் கழித்துவிட வேண்டும். ஒரு முறை கலந்தால் போதாது. வந்த பிள்ளையை மறுபடி நல்ல உருளையோடு சேர்த்து, அதன் பிள்ளையை மறுபடி சேர்த்து, இப்படியே வருசக்கணக்கில் போகும். பொறுமை இல்லாதவன் செய்யக்கூடாத வேலை. எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

இன்னொரு சிக்கல், செடி கிழங்கு வைக்க ஆரம்பித்தால் மேலே இருக்கிற காயை உதிர்த்துவிடும். அதனால் செங்கல்மேல் மண்ணைக் குவித்து நடுவோம். செடி வளர்ந்ததும் மண்ணைக் கழுவிவிட்டு, கிழங்கு வைக்கிற தண்டுகளை எல்லாம் கிள்ளி எறிவோம். முதல்தடவை நான் அதைச் செய்தபோது மாமா, அதாவது அக்காவின் கணவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

"ஏ மாப்ள, உருளக்கெழங்கு செடில கெழங்கு வெக்க வுடாம கிள்ளிப் போடறதுக்கா உனக்கு சம்பளம் குடுக்கறாங்க?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது மாமா."

"புரியுது புரியுது. கெழங்கு வந்துட்டா வேல முடிஞ்சிபோயிடுமில்ல? அதான் கிள்ளிப் போடற."

மாமா அப்படித்தான். வாயைத் திறந்தால் கேலிதான். அவருக்குப் பல வருசமாகச் சர்க்கரை நோய். இடது காலில் ஒரு புண் ஆறாமலே கிடந்தது. அதையும் கேலி பண்ணிக்கொண்டுதான் திரிவார். கம்பைநல்லூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தபோது பந்தியில் என்னைக் காட்டி, "எங்க மாப்ள டாக்டருங்க. உருளக்கெழங்குக்கு ஊசி போடறவரு" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு, கடைசியில் உருளைக்கிழங்கு டாக்டர் என்று பேர் வாங்கினேன். அந்தக் காதுகுத்து முடிந்த அடுத்த சனிக்கிழமைதான் அது நடந்தது.

காலையில் பூக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல உருளையின் பூ விரியுமுன்பே அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, காட்டு உருளையின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். காய் பிடித்தால் அது உதிர்ந்து தொலையாமல் இருக்க வலைத்துணியில் சின்னப் பை கட்ட வேண்டும். பத்துப் பூவுக்கு ஒன்று நிற்பதே பெரும்பாடு. அக்கா டீ கொண்டுவந்தாள். வேலியோரம் நின்ற காட்டுச்செடியில் தானாகக் காய்த்திருந்த காய் ஒன்றைப் பறித்து, நகத்தால் கீறி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அய்யய்யோ! கசப்புன்னா கசப்பு, என்னா கசப்புடா இது! துப்பு, துப்பு" என்று அவளே துப்பினாள். பிறகு காயை உருட்டி உருட்டிப் பார்த்தாள். "இந்தக் காய எதுக்குடா துணி கட்டிக் காப்பாத்திக்கினு இருக்கற? எதுக்கு ஆவும் இது?"

இதற்கு முன் இரண்டு தடவை அவளுக்கு விளக்கியிருந்தேன். மூன்றாம் தடவை சொல்லப் பொறுமையில்லாமல் அடுத்த பூவைக் கையில் எடுத்தேன்.

"இவ்ளோ கசக்குதே, சுகருக்கு மருந்தாடா?"

எங்கள் பக்கத்தில் கசப்பாக எதைக் கண்டாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். பாகற்காயில் ஆரம்பித்து, வேப்பங்கொழுந்து, சிறியாநங்கை என்று கசக்கிற எல்லாமே சுகருக்கு நல்லது. வெறும் வயிற்றில் மென்று தின்ன வேண்டும். சர்க்கரையைக் கசப்பு கொன்றுவிடும் என்று ஒரு கணக்கு.

"ஆமா. சுகருக்கு மருந்துதான் கண்டுபிடிக்கிறோம். போதுமா?" என்றேன்.

எரிச்சலில் சொன்னதுதான். நையாண்டி என்று அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். பொய், அப்படி நினைத்தேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"நெசமாவா? மாமாவுக்காகவாடா பண்ற?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டேன்.

அந்த வாரத்திலிருந்து எனக்கு நடந்த ராஜ உபசாரத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. டீயில் இஞ்சி சேர்ந்தது. மதியம் குழம்பில் நல்ல துண்டெல்லாம் என் தட்டுக்கு வந்தது. மாமாவின் கேலி நின்றது. அவரே வேலியில் ஒரு ஓட்டையைக் கண்டு முள் வெட்டி அடைத்துவைத்தார். மலைக்குக் காய்கறி ஏற்ற வருகிற வேன்காரர் ஒருநாள் என்னைப் பார்த்து, "சார்தான் அந்த மருந்து கண்டுபிடிக்கறவருங்களா?" என்று கேட்டபோது, "இன்னும் நாள் ஆகுங்க" என்று பதில் சொன்னேன். நாள் ஆகுமாம்! உருளைக்கிழங்கு என்று சொன்னால் சிரிக்கிற வாய்கள் மருந்து என்றால் மூடிக்கொள்கின்றன என்று கண்டுகொண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. வேறு சாக்கு எதுவும் கிடையாது, பிடித்திருந்தது.

அக்காவுக்கோ நாள் ஆகும் என்பதைப் பொறுக்க முடியவில்லை. மாமாவின் புண் பெரிதாகிக்கொண்டிருந்தது. எனக்குச் சொன்னால் இன்னும் முடியவில்லை என்று தடுத்துவிடுவேனோ என்று, சொல்லாமலே ஆரம்பித்துவிட்டாள். முதலில் காலையில் வெறும் வயிற்றில் ஒரு காய். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. இங்கிலீஷ் மருந்தும் நாட்டு மருந்தும் சேரக்கூடாது என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். சில வாரம் அப்படியே ஓடியிருக்கிறது. புண் ஆறவில்லை என்றதும், காய் ஒன்று போதாது போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு கைப்பிடி பறித்து அம்மியில் அரைத்து, மோரில் கலந்து கொடுத்துவிட்டாள்.

நான் அன்று மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். மாமா வாசலிலேயே சுருண்டு கிடந்தார். வாந்தி, பேதி. கண் செருகியிருந்தது. என்னைப் பார்த்து என்னவோ குளறினார். அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் அதிகமா குடுத்துட்டேன் போலடா" என்றாள். எதை என்று கேட்டேன். சொன்னாள். ரோட்டுக்கு ஓடினேன்.

காய்கறி வேனைப் பிடித்து அவரைப் படுக்கவைத்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் வேன் இறங்க இறங்க மாமா வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். அக்கா ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் சட்டையைப் பிடித்தாள். "கட்டி வெச்ச பையில ஒண்ணக்கூட தொடலடா தம்பி. வேலியோரம் சும்மா காச்சதுல மட்டுந்தான் பறிச்சேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவல" என்றாள். கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மாமா கண்முன்னால் செத்துக்கொண்டிருக்கிறார், என் புத்தி அந்தப் பைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. சீ என்று இருந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மாமாவின் நாடியைப் பிடித்துக்கொண்டே, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"மருந்துதாங்க குடுத்தேன்" என்றாள் அக்கா. அழுகையை அடக்கிக்கொண்டு முதுகை நிமிர்த்தினாள். "சுகருக்கு புது மருந்துங்க. என் தம்பி கண்டுபிடிச்சது. இதோ நிக்கறானே, இவன்தாங்க. இவனும் டாக்டருதான். அளவு தெரியாம நான்தான் அதிகமா குடுத்துட்டேங்க."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு நர்ஸ், பக்கத்துக் கட்டில் சொந்தக்காரர்கள், வேன்காரர், எல்லோரும் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லாவிட்டால் வைத்தியம் தப்பாகிவிடும். சொன்னேன். ஆனால் இங்கிலீஷில் சொன்னேன். இட் இஸ் நாட் எ மெடிசின். வைல்ட் பொட்டேட்டோ பெர்ரி. அதில் இருக்கிற நச்சு இன்னது, அது உடம்பை என்ன செய்யும், மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்று மடமடவென்று ஒப்பித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக இங்கிலீஷ் பேசியது அன்றைக்குத்தான். டாக்டரம்மா அதே மொழியில், இதை மருந்து என்று இவங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். "சம் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்" என்றேன், அக்காவுக்கு நானே விளக்கிவிடுகிறேன் என்றும் இங்கிலீஷிலேயே சொல்லிவைத்தேன். அக்கா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பெரிய டாக்டருக்குச் சமமாகப் பேசுகிறானே என்று அந்த நேரத்திலும் அவள் முகத்தில் ஒரு தைரியம் வந்தது. அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். விஷம் இறங்கிவிட்டது. ஆனால் மாத்திரை இல்லாத நாட்களில் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறி, புண் உள்ளே அழுகிப்போயிருந்தது. இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த மாமாவின் தங்கை, வார்டு என்றும் பார்க்காமல் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரய நிறுத்தச் சொல்லி உனக்கு யாரு சொன்னது? எங்கண்ணன கொன்னுட்டுதான் அடங்குவியா நீ?"

"என் புத்திதான் கெட்டுப்போச்சு. மருந்து நல்ல மருந்துதான், நான்தான் அளவு தப்பிட்டேன்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதையே சொன்னாள். என் பேர் கெட்டுவிடக்கூடாதாம். நான் பக்கத்திலேயே வெந்நீர் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா மட்டும் கட்டிலில் படுத்தபடி, "பூச்சிகூட தொடாத காய எனக்குக் குடுத்திருக்கீங்களேடா" என்று சிரிக்கப் பார்த்தார். அவருக்கும் உண்மை தெரியாது.

அடுத்த பருவத்துக்கு மறுபடி செடி வைத்தேன். கட்டிவைத்திருந்த பைகளில் கிடைத்த விதைகள் முளைத்து நாற்றாக வந்திருந்தன. காட்டு உருளையின் பிள்ளைகள். சாரல் பிடித்ததும் கருகல் நோய் வந்தது. சில நாற்றுகள் அசையாமல் நின்றன. இத்தனை வருசம் காத்திருந்த காட்சி அது. இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், ஒரு கரும்புள்ளிகூட இல்லை. சந்தோஷப்படலாம் என்று நிமிர்ந்தால், மாமா ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து கடைக்கு நடந்து போவது தெரிந்தது.

அப்போதுதான் அக்கா ஒரு பெண்ணை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாள். மலையடிவாரத்தில் இருந்து ஏறி வந்தவர். அவர் மகளுக்குச் சின்ன வயசிலேயே சர்க்கரை, பள்ளிக்கூடத்துக்கே ஊசியை எடுத்துக்கொண்டு போகிற பிள்ளையாம்.

"நானா எதுவும் குடுக்கலடா தம்பி, பயம் வந்துடுச்சு" என்றாள் அக்கா. "நீ வர்ற வரைக்கும் இரும்மான்னு சொல்லி வெச்சிருந்தேன். சின்னப் புள்ளைக்கு எவ்வளவு குடுக்கலாம், நீயே சொல்லிடு."

அந்தப் பெண் என்னைக் கும்பிட்டார். "ஊசிய நிறுத்திட்டு குடுக்கணுங்களா சார், இல்ல ஊசியும் போட்டுக்கினே குடுக்கலாங்களா?"

இங்கே இங்கிலீஷ் உதவாது.

"ஊசிய நிறுத்தாதீங்க. ஒருநாள்கூட நிறுத்தாதீங்க" என்றேன். "இது மருந்தே இல்லைங்க. வெறும் உருளைக்கிழங்குச் செடி. காய் விஷம். மருந்துன்னு நான்தான் சும்மா சொன்னேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, "இவன் வெளாட்டுக்கு சொன்னத நான்தாம்மா தப்பா புடிச்சிக்கினு ஊரெல்லாம் சொல்லிட்டேன். இவன் மேல ஒண்ணும் இல்ல. நீ ஊசியே போடு, புள்ள நல்லா இருக்கும்" என்றாள். வீட்டுக்குள் கூட்டிப்போய் டீ போட்டுக்கொடுத்து, வழிவரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தாள். நான் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில அந்த டாக்டரம்மாகிட்ட இதத்தான் சொன்னியா?"

"ஆமாக்கா."

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இங்கிலீஷ்ல சொன்னியா?"

தலையை ஆட்டினேன். முகத்தைத் தூக்க முடியவில்லை. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் ஏறவே இல்லை.

"தமிழ்ல சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், அவ்வளவுதானடா. இத்தன நாளும் அந்த வெரல நானே என் கையால வெட்டிப்போட்டதா நெனச்சிக்கினு, தெனமும் அவரு கால்ல மருந்து வெச்சிக் கட்டிக்கினு இருந்தேனே."